முன்னோர் பெயரும் தேடுபொறியும்

1834-ஆம் ஆண்டுக்கும் 1917-ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவினின்றும் கடல் கடந்து சென்றோரின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டும். மொரீசியஸ் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் சென்றனர். தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,000-க்கு மேற்பட்டோரும், பிஜித் தீவுகளுக்கு 1879 முதல் 1916 வரை 60,000-க்கு மேற்பட்டோரும், அந்நாளில் டச்சு ஆட்சியிலிருந்த சூரினாமுக்கு 1873 முதல் 1916 வரை சுமார் 34,000 பேரும் கப்பலேறினர். இவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தம் மூதாதையர் பிறந்த ஊரை அறிய விழைகின்றனர். முற்காலத்தில் அவர்கள் ஜில்லா கலெக்டருக்கோ தபால் அலுவலகத்துக்கோ கடிதம் எழுதினர். இப்பொழுது முதற்கண் இணையத் தேடுபொறியில் ஒரு பெயரை இட்டுப் பார்க்கின்றனர். அதனால் பயன் விளையாதபோது, கையில் ஒரு துண்டுக் காகிதத்துடன் கிராம அலுவலரையும் பள்ளி ஆசிரியரையும் நாடி வருகின்றனர். அத்தகையோருக்கு உதவ வேண்டியவர்கள் தேடுபொறியின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

இஃது ஆவலைத் தணிக்கும் பொழுதுபோக்கு மட்டுமன்று. மொரீசியஸிலுள்ள இந்திய வம்சாவளியினருள் ஏழாம் தலைமுறையினரும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டையைப் பெறுதற்கு வகை செய்யப்படும் என 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. டிரினிடாட்–டொபேகோ நாட்டிலுள்ள ஆறாம் தலைமுறையினருக்கு 2025 ஜூலையில் இதே போன்ற அறிவிப்பு வெளியாயிற்று. அட்டை வேண்டுவோர் தம் மூதாதையர் இந்தியாவினின்றும் வந்தவர் என்பதைச் சான்றுடன் காட்ட வேண்டும். இவ்விடத்தில் வேறொருவருடைய பாட்டனைத் தம் பாட்டனாகக் கொண்டுவிட்டால், அதன்மேல் எழுப்பும் கட்டடம் முழுவதும் சாய்ந்துவிடும்.

தேடுபொறி எதைத் தேடுகிறது?

தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டவுடன் அது உலகிலுள்ள இணையப் பக்கங்கள் அனைத்தையும் அந்த நொடியிலேயே படித்துப் பார்க்கிறது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நடைபெறுவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் தாவிச் செல்லும் நிரல்கள் முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்னும் பேரட்டவணை ஒன்றைத் தயாரித்து வைக்கின்றன. பெரிய நூலின் இறுதியில் அமைந்துள்ள சொல்லடைவு போன்றதே இது. வினா விடுப்பவருக்கு இவ்வட்டவணையிலிருந்தே விடை எடுத்துத் தரப்படுகிறது. கிடைத்த பக்கங்களுள் எதனை முதலில் வைப்பது என்பது பிறிதொரு கணக்கு. ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்களிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன என்பதைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடும் முறையைப் புகுத்தியே 1998-இல் கூகிள் நிறுவனம் தோன்றியது. இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன.

இதிலிருந்து விளங்கும் உண்மை ஒன்றுண்டு. பொறி மனிதரைத் தேடுவதில்லை, எழுத்துகளைத் தேடுகிறது. அதுவும் அட்டவணையில் ஏறிய எழுத்துகளை மட்டுமே. பலர் நாடும் பக்கம் மேலே நிற்கும். ஒரே ஒரு குடும்பத்துக்குப் பயன்படும் பழம்பதிவு பத்தாம் பக்கத்திலும் தென்படாதிருக்கலாம். குலவரலாறு தேடுவோருக்கு வேண்டுவது பெரும்பாலும் இப்பின்வரிசைச் செய்தியே.

எழுத்தர் செவியில் விழுந்த பெயர்

கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த டிப்போக்களில் கப்பலேறுவோர் ஒவ்வொருவருக்கும் எமிகிரேஷன் பாஸ் எனப்படும் சீட்டு வழங்கப்பட்டது. பெயர், தந்தையின் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா அல்லது தாலுகா, ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் ஆகியன அதில் ஆங்கில எழுத்தில் குறிக்கப்பட்டன. சொன்னவருக்கு எழுதத் தெரியாது; எழுதியவருக்குப் பல வேளைகளில் சொன்னவரின் மொழி தெரியாது. ஆகவே செவியில் விழுந்தவாறு பெயர் ஏட்டில் ஏறியது. கூலிகளும் ஒருவகையில் இதற்கு ஈடு செய்தனர் எனலாம்: 'அக்ரிமெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அவர்கள் 'கிர்மிட்' என்று ஆக்கினர், 'கிர்மிட்டியா' என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

முத்துசாமி என்னும் எளிய பெயரையே எடுத்துக்கொள்வோம். முதல் உகரத்துக்கு 'யூ' எழுத்தை இடலாம். இரண்டு 'ஓ' எழுத்துகளையும் இடலாம். அடுத்த தகரத்துக்கு ஒற்றை 'டி', இரட்டை 'டி', 'டி எச்' என மூன்று வழிகள். அதன்மேலுள்ள உகரத்துக்கு மீண்டும் இரண்டு. 'சா' என்பதை எழுதுவதற்கு 'எஸ் ஏ', 'எஸ் ஏ டபிள்யூ', 'எஸ் டபிள்யூ ஏ' என மூன்று. கடைசி இகரத்துக்கு 'ஐ', 'வொய்', இரட்டை 'ஈ' என மூன்று. இவற்றைப் பெருக்கினால் 108 வடிவங்கள் வருகின்றன. அர்ச்சனைக்கு ஏற்ற எண்தான். தேடுவோருக்கு அஃது இடர். இவற்றுள் ஒன்றை மட்டும் இட்டுப் பார்த்து, 'பதிவே இல்லை' என முடிவு செய்தல் தகாது.

இவ்விடர் இந்தியப் பெயர்களுக்கு மட்டும் உரியதன்று. 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் ஒலியொப்புமை கொண்டு பெயர்களை வகைப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த சவுண்டெக்ஸ் முறை இன்றும் பல வம்சாவளித் தரவுத்தளங்களில் வழங்குகிறது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, எஞ்சிய மெய்களுக்கு எண் தருவது இதன் முறை: 'டி' எழுத்துக்கு 3, 'எஸ்' எழுத்துக்கு 2, 'எம்' எழுத்துக்கு 5 என்றவாறு. மேற்கூறிய 108 வடிவங்களும் இம்முறையில் 'எம் 325' என்ற ஒரே குறியீட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இதன் குறையும் கவனித்தற்குரியது. முதலெழுத்து மாறினால் குறியீடு மாறிவிடும். கோவிந்தன் என்பதை ஒருவர் 'ஜி' எழுத்திலும் மற்றொருவர் 'சி' எழுத்திலும் தொடங்கினால் அவ்விருவரும் சந்திப்பதேயில்லை. சின்னம்மாள், சின்னையா போன்ற பெயர்களில் 'எஸ்', 'சி' ஆகிய இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

பொதுத் தேடுபொறிகள் இம்முறையைக் கையாள்வதில்லை. தாமாகவே எழுத்துப் பிழை திருத்துகின்றன. அத்திருத்தம் அரிய பெயரைப் பெருவழக்கான பெயராக மாற்றிவிடுவதும் உண்டு. இட்ட எழுத்தையே தேட வேண்டுமாயின் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தல் வேண்டும். பொருந்தாத விடைகள் பெருகினால், வேண்டாத சொல்லின்முன் கழித்தற்குறியை ஒட்டி எழுதி அவற்றை விலக்கலாம்.

இன்றைய குடும்பப் பெயரும் பலரை ஏமாற்றுகிறது. முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே மொரீசியஸில் பல குடும்பங்களுக்கு நிலையான குடும்பப் பெயராகிவிட்டது. நேட்டாலிலோ பட்டப் பெயர்கள் உருமாறின: கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். கவெண்டர் குடும்பத்தை இந்தியாவில் அப்பெயரால் தேடுபவருக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. கிடைப்பதெல்லாம் திரும்பவும் தென்னாப்பிரிக்காவுக்கே அழைத்துச் செல்லும்.

ஊர், கப்பல், எண்

பெயர் இவ்வாறு வழுக்கும்போது பிடிகொடுப்பவை வேறு மூன்று: ஊர், கப்பல், பதிவெண். குடும்பத்தில் எஞ்சியிருக்கும் தாளொன்றில் கப்பலின் பெயரும் வந்த ஆண்டும் பதிவெண்ணும் இருக்குமாயின், பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் சீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே தேடுபொறியை நாடுவதற்கு முன் வீட்டிலுள்ள தாள்களையும் முதியோர் நினைவுகளையும் திரட்டுவதே முறை.

ஊர்ப்பெயரிலும் இடர் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டில் சுமார் 6,40,000 கிராமங்கள் உள்ளன. ராம்பூர் என்பது போன்ற பெயர்கள் எண்ணற்ற முறை வருகின்றன. எனவே தாணாவையும் ஜில்லாவையும் சேர்த்தே தேட வேண்டும். ஆயின் சீட்டிலுள்ள ஜில்லா இன்றைய ஜில்லா அன்று. பிஜிக்குப் பெருந்தொகையினரை அனுப்பிய பஸ்தி ஜில்லாவிலிருந்து 1988-இல் சித்தார்த்த நகரும் 1997-இல் சந்த் கபீர் நகரும் பிரிந்தன. பீகாரின் ஷாஹாபாத் ஜில்லா 1972-இல் போஜ்பூர், ரோஹ்தாஸ் என இரண்டாயிற்று. பின்னர் அவையும் பிரிந்தன. நேட்டால் பட்டியல்களில் மிகுதியாகக் காணும் வடஆர்க்காடு இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. 1911-இல் அதன் ஒரு பகுதி சித்தூர் ஜில்லாவிற் சேர்ந்தது. எஞ்சியது 1989-இல் வேலூர்ப் பகுதி எனவும் திருவண்ணாமலை எனவும் பிரிந்தது. 2019-இல் வேலூரினின்றும் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தோன்றின. ஆகவே வடஆர்க்காட்டு ஊர் ஒன்று இன்று ஆந்திரப் பிரதேசத்திலும் இருக்கக்கூடும்.

இத்துறையில் களப்பணியாளரின் அறிவுக்கு ஈடானது எதுவுமில்லை. பழைய ஊர் எந்த வருவாய்க் கிராமத்துள் அடங்கிற்று, எந்தக் குடியிருப்பு ஏரிக்குள் மூழ்கிற்று, எவ்வூரின் பெயர் மாற்றப்பட்டது என்பனவற்றைப் பொறி அறியாது. பழைய எழுத்துமுறையை அறிய 'இம்பீரியல் கெஜட்டியர்' துணைபுரியும். அதன் பக்கங்களைச் சிக்காகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்துள்ளது. இன்றைய ஊர், ஊராட்சி, வட்டம் ஆகியவற்றை ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரக் கோவையில் காணலாம்.

பொறி எட்டாத ஏடுகள்

கையெழுத்து ஏட்டின் நிழற்படம் மனிதக் கண்ணுக்கு எழுத்து; பொறிக்கோ அது வெறும் படம். யாரேனும் படித்துத் தட்டச்சுச் செய்தாலன்றி அதிலுள்ள பெயர் அட்டவணையில் ஏறுவது அரிது. கையெழுத்தை இயந்திரமே படிக்கும் முறைகள் இப்பொழுது வந்துள்ளன. எனினும் மங்கிய மையிலும் அறியாத ஊர்ப்பெயரிலும் அவை தடுமாறுகின்றன. தவிரவும், தரவுத்தளங்கள் பல தமக்கெனத் தேடல் படிவம் வைத்துள்ளன. படிவத்தை நிரப்பினால் மட்டுமே பதிவு வெளிப்படும். பொதுப் பொறியின் நிரல்கள் படிவத்தை நிரப்புவதில்லை. சூரினாம் குடியேறிகளின் பதிவுகள் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இவ்வாறே உள்ளன. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும் உள்ளே சென்றே தேட வேண்டும். இத்தகைய இடங்களில் பொதுப் பொறியின் வேலை வாயிலைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. மொரீசியஸின் குடியேற்ற ஏடுகளும் குடியேறியோரின் நிழற்படங்களும் அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன. அங்கே விண்ணப்பித்தல் வேண்டும்.

ஹரித்துவாரப் பண்டாக்களின் வஹி ஏடுகள் தனிச்சிறப்புடையன. தீர்த்த யாத்திரை வந்த குடும்பத்தினரின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக அவை காத்து வருகின்றன; ஊரும் குலமும் பற்றியே அவை வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் இவற்றுட் பலவற்றைப் படம்பிடித்துள்ளது. எனினும் ஊர்ப்பெயரை அறிந்த பின்னரே இவ்வேடுகளில் நுழைய இயலும்.

கிடைத்தது சான்றாகுமா?

ஒரே கப்பலில் இரண்டு ராமசாமிகள் சென்றிருத்தல் வியப்பன்று. பெயர் ஒத்திருப்பதால் மட்டும் ஆள் ஒருவரேயென்று கொள்ளலாகாது. தந்தையின் பெயர், வயது, ஊர், கப்பல் ஆகியவற்றுள் பெயரன்றி இரண்டேனும் ஒத்திருத்தல் வேண்டும். அவையும் குடும்பத்தார் முன்பே அறிந்த செய்தியாக இருத்தல் வேண்டும். தேடிக் கண்ட பதிவினின்று எடுத்த செய்தியையே அப்பதிவுக்குச் சான்றாகக் காட்டுவது வட்டத்தில் சுற்றுவதாகும். வயதைக் குறிப்பிட்டோர் மதிப்பிட்டே எழுதினர்; ஐந்தாண்டு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். டிப்போவில் சிலர் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னதும் உண்டு.

பத்துத் தளங்களில் ஒரே வம்சாவளி காணப்படுவது பத்துச் சான்றுகள் ஆகாது. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுதியிருத்தலே பெரும்பான்மை. தேடுபொறிகள் அண்மைக் காலத்தில் விடைகளின் மேலே செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய சுருக்கத்தையும் தருகின்றன. அச்சுருக்கம் இரு வேறு மனிதரின் செய்திகளை ஒருவர் வரலாறாகப் பின்னிவிடக்கூடும். எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் என்று காட்டாத விடையைக் குறிப்பேட்டில் எழுதாதிருப்பதே நலம்.

ஆசிரியர்கள் மாணவரிடம் வம்சாவளிப் படம் வரையச் சொல்வது வழக்கமாகியுள்ளது. பெற்றோரை இழந்தவரும் தத்தெடுக்கப்பட்டவரும் வகுப்பில் இருப்பர். சாதியை வெளிப்படுத்த விரும்பாத வீடுகளும் இருக்கும். ஆகவே தம் வீட்டுக்கு மாறாக ஊரின் வரலாற்றையோ, இறந்துபோன ஒரு பொதுமனிதரின் குடும்பத்தையோ எடுத்துக்கொள்ள அவர்களுக்கு இடமளிக்க வேண்டும். வாழ்வோரின் பிறந்த நாள், முகவரி, படம் ஆகியவற்றை இணையத்தில் ஏற்றுவதற்கு எக்காரணமும் இல்லை. அத்தகைய விவரங்களைக் காக்கவே 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

வெளிநாட்டினின்று வந்தவருக்கு உதவும் அலுவலர் தாம் தேடிய சொற்களையும், பார்த்த தளத்தின் முகவரியையும், பார்த்த நாளையும் எழுதி வைத்தல் வேண்டும். கண்டறியாத வடிவங்களையும் குறித்தல் அவசியம். அடுத்துத் தேடுபவருக்கு அவ்வுழைப்பு மிஞ்சும். இணையப் பக்கங்கள் சொல்லாமல் மறைகின்றன. மறைந்த பக்கத்தின் பழைய படியை, முகவரி தெரிந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் 'வேபேக் மெஷின்' என்னும் சேமிப்பில் சில வேளை மீட்கலாம். 1996 முதற்கொண்டு திரட்டிய பக்கங்கள் அங்கே உள்ளன.