பொதுக் களஞ்சியத்தில் நமது வெள்ளை இறால்

திருப்பாலைவனத்தை அடுத்துள்ள பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக நிலவி வருகிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளை, உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே அதன் சாரம். ஏரி பொது, பயன் பங்கீடு. கூட்டுறவு என்னும் சொல் சட்டத்தில் ஏறுமுன்னரே அதன் நெறியை இக்குப்பங்கள் அறிந்திருந்தன எனலாம்.

விஞ்ஞான உலகிலும் இத்தகைய பொது ஏரி ஒன்று உண்டு. அதை நம்பிப் பிழைப்பவர் உயிரித் தகவலியல் ஆராய்ச்சியாளர். அவருடைய தொழிலை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அந்த ஏரியில் நமது வெள்ளை இறாலும் இப்போது சேர்ந்திருக்கிறது.

எழுத்துக் கோக்கும் வேலை

ஒவ்வோர் உயிரின் இயல்பும் அதன் அணுக்களில் ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளை இறாலுக்கு அந்த எழுத்துகள் 190 கோடிக்கு மேல். எந்த இயந்திரமும் அவற்றை ஒரே மூச்சில் படிப்பதில்லை. துண்டு துண்டாகவே படிக்கும். அத்துண்டுகளைக் கணினியின் உதவியால் வரிசைப்படுத்துவதே நாம் கூறும் ஆராய்ச்சியாளரின் பணி.

நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. கட்டம் போட்ட புடவை ஒன்றைக் கிழித்துக் குவித்துவிட்டு, மீண்டும் ஒட்டச் சொன்னால் என்ன ஆகும்? கரையும் முந்தானையும் எளிதில் பொருந்திவிடும். ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரும் உடற்பகுதியில்தான் எந்தத் துண்டு எங்கே என்ற மயக்கம் நேரும். வெள்ளை இறாலின் எழுத்துகளில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு திரும்ப வருபவை. நீண்ட துண்டுகளாகப் படிக்கும் கருவிகள் வந்த பின்னரே இம்மயக்கம் பெரிதும் தீர்ந்தது. வெளிநாட்டு வனாமி இறாலின் எழுத்து வரிசை 2019இல் வெளியாயிற்று. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், பிறருடன் சேர்ந்து, வெள்ளை இறாலின் வரிசையை 2022இல் வெளியிட்டனர்.

இதனால் விளையும் பயன் யாது? 1994-95இல் வெண்புள்ளி நோய் நம் கடற்கரையின் இறால் பண்ணைகளை அழித்ததை மறந்தவர் இலர். அக்கிருமியின் எழுத்துகளை அறிந்தமையாலேயே, இன்று குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் பி.சி.ஆர். சோதனை செய்ய முடிகிறது. விரைவில் வளரும் தாய் இறாலைத் தேர்ந்தெடுக்கவும் இறாலின் சொந்த வரிசை துணைபுரியும்.

தொகுத்தவர் வரலாறு

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க மாது மார்கரெட் டேஹாஃப். 1948இல் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிக்குத் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கணக்கு இயந்திரங்களைப் பயன்படுத்தினார். உலகெங்கும் சிதறிக் கிடந்த புரத வரிசைகளைத் திரட்டி 1965இல் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டார். அதில் இருந்தவை 65 புரதங்களே. பின்னர் ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கினார்.

எனினும் 1982இல் அமெரிக்க அரசு மரபு வரிசைகளுக்குப் பொதுக் களஞ்சியம் அமைக்க முற்பட்டபோது, அப்பொறுப்பு அவருடைய நிறுவனத்துக்குக் கிட்டவில்லை. உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்ட தொகுப்பைவிட, யாவரும் தடையின்றி எடுத்தாளும் களஞ்சியத்தையே விஞ்ஞானிகள் விரும்பினர். இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூவிடத்துக் களஞ்சியங்களும் நாள்தோறும் தம்முள் பரிமாறிக்கொள்கின்றன. வரிசையைக் களஞ்சியத்தில் ஒப்படைத்தாலன்றி ஆராய்ச்சிக் கட்டுரையைப் பல பத்திரிகைகள் ஏற்பதில்லை. ஒருவர் இட்டதைப் பலர் எடுக்கின்றனர். எடுத்தவரும் தம் பங்கை இடுகின்றனர். கூட்டுறவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நமது பங்கு

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. வரிசையை இட்டவர் விஞ்ஞானி. இறாலையும் அது வளரும் நீரையும் தலைமுறைதோறும் காத்தவர் யார்? களஞ்சியத்திலிருந்து எடுத்து இலாபம் காணும் கம்பெனி, காத்தவருக்கு என்ன தரும்?

இதனை உலக நாடுகளும் உணர்ந்துள்ளன. 2022இல் மான்ட்ரியல் மாநாட்டில், மரபு வரிசைகளால் வரும் ஆதாயத்தைப் பகிர வேண்டுமென முடிவு செய்யப்பட்டது. அதற்கென 2025 பிப்ரவரியில் ஒரு நிதி தொடங்கப்பெற்றது. அதில் குறைந்தது பாதியேனும் தொல்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. எனினும் கம்பெனிகள் அதற்குத் தருவது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே உள்ளது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர்க் குழுவும் மக்கள் பதிவேடும் இருக்க வேண்டுமென்கிறது. இச்சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இரண்டு. நம் ஊர்ப் பதிவேட்டில் ஏரியின் இறால் வகைகளும், அவை முகத்துவாரம் கடந்து வந்து போகும் பருவங்களும், பாட்டு முறையும் எழுதப்பட்டுள்ளனவா என்று ஊராட்சியில் கேட்டறிய வேண்டும். எழுத்தில் இல்லாத உரிமையை எவரும் மதியார். மற்றொன்று, உயிரியலிலும் கணிதத்திலும் ஒருங்கே விருப்பமுள்ள நம் பிள்ளைகளை இப்படிப்புக்கு அனுப்ப வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் 1980களிலேயே இதற்கென மையம் ஏற்பட்டது. பட்டம், மேற்பட்டம், டாக்டர் பட்டம் என்று பத்தாண்டுக் காலம் பிடிக்கும் நெடும்பாதை இது. குடும்பத்தின் பொறுமையும் சங்கத்தின் ஆதரவும் இன்றி நடவாது.

ஏரியில் முறைவைத்துப் பங்கிடக் கற்றவர்கள் நாம். களஞ்சியத்திலும் நம் முறையைக் கேட்டுப் பெறுவோமாக.