உலகம் முடிந்த பிறகும் 1001 பெட்டிகளோடு ஓடும் ரயில்... தெரியுமா?

பூமி முழுக்கப் பனி. ஊர் இல்லை, கடல் இல்லை, பறவை இல்லை. மிச்சமிருக்கும் மனிதர்கள் அத்தனை பேரும் ஒரே ரயிலுக்குள். மொத்தம் 1001 பெட்டிகள்! இன்ஜின் நின்றால் உள்ளே சூடு போய்விடும், சூடு போனால் எல்லோரும் காலி. ஆகவே அது நிற்கவே நிற்காது. 'ஸ்னோபியர்சர்' என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கிறிஸ் எவான்ஸ் கோடரியோடு நிற்கும் சினிமாக் காட்சிதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் படம் வருவதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே, 1982-ல், ஒரு பிரெஞ்சு காமிக்ஸ் பத்திரிகையில் அந்த ரயில் புறப்பட்டுவிட்டது தெரியுமா?

பத்திரிகையின் பெயர் 'ஆ ஸுய்வ்ர்'. கதை எழுதியவர் ழாக் லோப். வரைந்தவர் ழான்-மார்க் ரோஷெட். 1984-ல் காஸ்டெர்மான் பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது. பிரெஞ்சுப் பெயர் 'லெ திரான்ஸ்பெர்ஸ்நேஜ்'. புதுச்சேரியில் 'லிசே' என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும், பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'க்களின் வீட்டுப் பேரன் பேத்திகளுக்கும் இந்த மாதிரிப் புத்தகங்கள் புதுசே இல்லை. காமிக்ஸை 'பே-தே' என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டு லக்கி லூக்கையும் ஆஸ்டெரிக்ஸையும் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். பிரான்சில் காமிக்ஸை ஒன்பதாவது கலை என்று மதிக்கிறார்கள். சிறுபிள்ளைச் சமாசாரம் என்று யாரும் அதை ஒதுக்குவதில்லை.

இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு ஓவியர் இருந்தார் தெரியுமா? அலெக்ஸிஸ் என்ற பெயரில் வரைந்த அந்த அருமையான கலைஞர் முதல் சில பக்கங்களை முடித்த நிலையில் 1977-ல் இறந்துபோனார். அப்போது அவருக்கு 31 வயதுகூட நிரம்பவில்லை. கதை சில ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பிறகுதான் ரோஷெட் வந்தார். அவர் யார்? மலை வழிகாட்டி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆல்ப்ஸில் ஏறித் திரிந்து, இளவயதில் மேலிருந்து விழுந்த கல் முகத்தைச் சிதைக்க, உயிர் தப்பியவர்! பனி என்றால் என்ன, குளிர் மனிதனை என்ன செய்யும் என்பதை உடம்பால் அறிந்தவர். அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களைப் பார்க்கும்போது விரல் விறைப்பது போலிருக்கிறது என்று வாசகர்கள் சொன்னால் அதில் மிகை ஏதுமில்லை.

இனிதான் சுவாரசியம். இந்தத் தொகுப்பைப் படித்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டுகிறார்கள். படமா, புத்தகமா?

படத்தில் கடைசிப் பெட்டிக்காரர்கள் கூட்டமாகத் திரண்டு, பெட்டி பெட்டியாகச் சண்டை போட்டு முன்னேறுகிறார்கள். புரட்சி! புத்தகத்தில் புரட்சியே கிடையாது. ப்ரோலோஃப் என்ற ஒரே ஒரு ஆள் கடைசிப் பெட்டிகளின் நரகத்திலிருந்து வெளிவழியாகத் தப்பி முன்பெட்டி ஒன்றுக்குள் நுழைகிறான். பிடித்துவிடுகிறார்கள். கடைசிப் பெட்டி மக்களுக்காகக் குரல் கொடுக்கும் அட்லின் என்ற பெண்ணையும் அவனோடு சேர்த்து, இருவரையும் காவலோடு முன்னால் அழைத்துப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் போகும் வழியெல்லாம் நாம் பார்ப்பது இருக்கிறதே... இன்ஜினையே தெய்வமாக்கி 'புனித லோகோ' என்று கும்பிடும் கூட்டம்! வெட்ட வெட்ட வளர்ந்துகொண்டே இருக்கும் உயிருள்ள ஒரு மாமிசப் பிண்டம், அதற்கு 'மாமா' என்று பெயர், அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி! ரயிலுக்கு அதுதான் இறைச்சி. முன்னால் போகப் போகப் பெட்டிகள் வசதியாகின்றன, பேச்சு கொடூரமாகிறது. ரயில் வேகம் குறைகிறது என்றதும் மேலிடத்துக்காரர்கள் யோசிக்கும் வழி என்ன தெரியுமா? பின்பெட்டிகளைக் கழற்றி விட்டுவிடுவது!

'படத்தில் விறுவிறுப்பு இருக்கிறது, புத்தகம் மெதுவாக நகர்கிறது, பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை' என்பது ஒரு கட்சியின் வாதம். 'படம் நமக்கு ஒரு நம்பிக்கையைத் தருகிறது, புத்தகம் அதையும் தருவதில்லை, அதனால்தான் அது பெரியது' என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. சண்டைக்காட்சி இல்லாத அந்த நடையில்தான் பயம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு காவலன். அடுத்த பெட்டியில் இருப்பவர்களைப் பற்றி இந்தப் பெட்டிக்காரர்களுக்கு வதந்தி மட்டும்தான் தெரியும். சாதிக்கொரு தெரு பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமாகப் புரியும். 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது தெரியுமா? அந்தக் குட்டிப் பாதையில் ஓடியது சாதாரண ரயில் அல்ல, இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே ஓடிய ரயில்! ஏறும்போது பிரிட்டிஷ் மண், இறங்கும்போது பிரெஞ்சு மண். இடையில் சுங்கச் சோதனை, மூட்டை முடிச்சுகளைப் பிரித்துப் பார்ப்பது. 1954 நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. யார் எந்தப் பெட்டியில் ஏறலாம், எதைக் கொண்டுபோகலாம் என்று யாரோ முடிவு செய்யும் கதை இந்த ஊருக்குப் பழசு.

சரி, படம் எப்படிப் பிறந்தது? 2005 வாக்கில் தென்கொரியத் தலைநகர் சியோலில், ஹோங்கிக் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு காமிக்ஸ் கடைக்குள் ஒருவர் நுழைகிறார். ஒரு புத்தகத்தை எடுக்கிறார். புரட்டுகிறார். நின்ற இடத்திலேயே, அலமாரிக்கு முன்னாலேயே, எல்லாத் தொகுதிகளையும் படித்து முடித்துவிடுகிறார்! அவர்தான் போங் ஜூன்-ஹோ. பின்னாளில் 'பாரசைட்' எடுத்து ஆஸ்கரையே அள்ளிக்கொண்டு போன அதே ஆள்! ஒரு வாசகரின் அபிப்பிராயம் ஒரு புத்தகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2013-ல் படம் வந்தபோது கொரியாவில் மட்டும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. 2014-ல்தான் ஆங்கிலத்திலேயே புத்தகம் வந்தது. படத்தில் கடைசிப் பெட்டியில் ஓர் ஓவியர் மக்களின் முகங்களை வரைந்துகொண்டே இருப்பார், கவனித்தீர்களா? அந்த ஓவியங்கள் எல்லாம் ரோஷெட் வரைந்தவை. திரையில் கரியைப் பிடித்து வரையும் கையும் அவருடையதே!

எழுதிய லோப் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1986-ல் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் உச்ச விருது அவருக்குக் கிடைத்தது. ஓவியர்களுக்கே போய்க்கொண்டிருந்த விருது, கதை மட்டும் எழுதும் ஒருவரைத் தேடி வந்தது! 1990-ல் அவர் காலமானார். அடுத்த பாகங்களை 1999-லும் 2000-லும் பெஞ்சமின் லெக்ராண்ட் எழுத, ரோஷெட்டே வரைந்தார். இங்கேதான் வாசகர்களிடையே இரண்டாவது சண்டை! முதல் தொகுதியின் கூர்மையான கோடுகள் போய், மை கரைந்து பரவும் பாணி வந்துவிட்டது. சிலருக்கு அது பிடிக்கவே இல்லை, முகம் தெரியவில்லை, யார் பேசுகிறார் என்று புரியவில்லை என்கிறார்கள். எனக்கு அந்த மங்கல்தான் பனிப்புயலாகத் தெரிகிறது. கதையிலும் ஒரு பிரமாதமான திருப்பம் உண்டு. இரண்டாவது ஒரு ரயில் ஓடுகிறது! எங்கிருந்தோ வானொலியில் இசை கேட்கிறது! யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்பி, தண்டவாளத்தை விட்டு இறங்கி, உறைந்த கடல்மேல் ரயிலை ஓட்டுகிறார்கள்! அந்த இசையின் மூலம் எது என்பதை நான் சொல்லமாட்டேன். நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு உலக முடிவின் மேல் அப்படி என்ன மோகம்? பூமியில் கடைசி மனிதன் எப்படிச் சாவான் என்று முதன்முதலாக முழுக் கதையாக எழுதியதே பாதிரியாராக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர்தான், தெரியுமா? கூசன் தெ கிரேன்வில். 1805-ல் அவருடைய 'கடைசி மனிதன்' வெளிவந்தது, ஆனால் அச்சில் பார்க்க அவர் இல்லை. அமியென் நகரத்துக் கால்வாயில் மூழ்கி இறந்திருந்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1905-ல், அதே அமியென் நகரில் கண்மூடியவர் ழூல் வெர்ன்! அவர் பெயரில் 1910-ல் வெளியான 'நித்திய ஆதாம்' கதையிலும் கடல் பொங்கி உலகை விழுங்குகிறது.

கடல் என்றதும் ஒரு விஷயம். 'வலேரியன்' என்ற பிரெஞ்சு காமிக்ஸ் தொடரில், 1968-ல் எழுதிய கதையில், வடதுருவத்தில் ஹைட்ரஜன் குண்டுகள் வெடித்துப் பனி உருகி, நியூயார்க் நகரம் தண்ணீரில் மூழ்குகிறது. அது நடக்கும் வருஷமாகக் கதாசிரியர் கிறிஸ்தேன் குறித்தது 1986. நிஜத்தில் அதே 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது! தற்செயல்தான், ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறது. கடல் ஊருக்குள் ஏறுவது புதுச்சேரிக்குக் கற்பனையும் இல்லை. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை மறித்துவிட்டது. கடற்கரைச் சாலை ஓரத்தில் இருந்த மணல் போயே போய்விட்டது. இன்றைக்குக் காந்தி சிலை பக்கம் நின்றால் கறுப்புப் பாறைகளில் அலை அறைவதைப் பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. 1916 நவம்பரில் இந்த ஊரைப் புரட்டிப்போட்ட புயலைப் பாரதியார் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த நவம்பர் இரவைக் கண்ட எவருக்கும் 'உலக முடிவு' வெறும் காமிக்ஸ் சமாசாரமாகத் தெரியாது.

பாரதியார் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் முதன்முதலாக அரசியல் கேலிச்சித்திரம் போட்ட பத்திரிகை அவருடைய 'இந்தியா' என்பார்கள். 1908-ல் அது சென்னையிலிருந்து இடம்பெயர்ந்து வெளிவந்த ஊர் எது? இதே புதுச்சேரிதான்! படத்தால் கதை சொல்லும் வேலை இந்த ஊருக்கு அன்றே பழக்கம்.

மறுபடியும் பிரெஞ்சு காமிக்ஸுக்கு வருவோம். என்கி பிலால் என்ற கலைஞரின் பெயர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவருடைய 'நிக்கோபோல்' கதையின் மூன்று தொகுதிகளில் முதலாவது 1980-ல் வந்தது. 2023-ஆம் ஆண்டுப் பாரீசின் மேல் எகிப்தியத் தெய்வங்களின் பிரமிடு ஒன்று மிதந்துகொண்டு எரிபொருள் கேட்கும்! மூன்றாவது தொகுதியில் வீரர்கள் குத்துச்சண்டையும் போட்டு சதுரங்கமும் ஆடுவார்கள். அதைப் படித்த ஒரு டச்சுக் கலைஞர் 2003-ல் நிஜமாகவே போட்டி நடத்திவிட்டார். இன்று செஸ் பாக்ஸிங் ஒரு விளையாட்டு, நம்ம கொல்கத்தாவிலும் ஆடுகிறார்கள்!

கடைசியாக, தமிழ் காமிக்ஸ் ரசிகர்களைத் துள்ள வைக்கும் ஒன்று. சிவகாசியிலிருந்து லயன், முத்து காமிக்ஸில் வந்த கேப்டன் டைகரை மறக்க முடியுமா? 'தங்கக் கல்லறை', 'மின்னும் மரணம்'... அந்தப் புழுதியையும் குதிரைகளையும் வரைந்த ழான் ஜிரோதான், மோபியுஸ் என்ற வேறு பெயரில் 'மெத்தால் உயூர்லான்' பத்திரிகையைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்! 1975 முதல் அறிவியல் புனைவுப் படக்கதையின் முகத்தையே மாற்றிய பத்திரிகை அது. 'ஏலியன்' படத்தின் விண்வெளி உடைகளிலும் அவர் கைவண்ணம் உண்டு. அவரை அறியாமலே நாம் பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறோம்!

ஆகவே ஒரு வேண்டுகோள். ஸ்னோபியர்சர் படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் தேடிப் படியுங்கள், 1984-ல் வந்த முதல் தொகுதியிலிருந்து வரிசையாக. புதுச்சேரியில் இருப்பவர்கள் அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சும் தமிழும் ஒருசேரத் தெரிந்த புதுச்சேரி நண்பர்களே, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல் மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? முதல் பத்துப் பக்கங்களை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு, ஒரு பதிப்பாளரைப் போய்ப் பாருங்கள்.