காஸ்மிக் கதிரை எடை போட்ட பிபா சௌத்ரி

உங்கள் உள்ளங்கையை வானத்தை நோக்கி விரித்துப் பிடியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். நீங்கள் ஒவ்வோர் எண்ணைச் சொல்லும்போதும் ஏறக்குறைய ஒரு துகள் உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலி இல்லை, கூச்சமும் இல்லை. அத்துகளுக்கு மியூவான் என்று பெயர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அணுக்கருக்களோடு மோதுகின்றன. அந்த மோதலின் விளைவாகத் தோன்றுவதே இம்மியூவான்.

கண்ணுக்குத் தெரியாத இத்துகளின் நிறையை அளக்க முடியுமா? முடியும். அந்த முயற்சியில் முன்நின்றவர்களுள் ஒருவர் நம் நாட்டுப் பெண். பிபா சௌத்ரி என்பது அவர் பெயர். சி. வி. ராமனையும் ஹோமி பாபாவையும் நீங்கள் படித்திருப்பீர்கள். பிபா சௌத்ரியைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

வகுப்பில் ஒரே பெண்

பிபா 1913-இல் கல்கத்தாவில் பிறந்தார். 1936-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஆராய்ச்சி செய்ய விரும்பி தேவேந்திர மோகன் போஸ் என்ற பேராசிரியரை அணுகினார். இவர் ஜகதீச சந்திர போஸின் சகோதரி மகன். பெண்களுக்கு ஏற்ற ஆய்வு தம்மிடம் இல்லை என்று பேராசிரியர் முதலில் தயங்கியதாக பிபாவின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். பிபா விடவில்லை. பின்னர் அவரே பேராசிரியரின் காஸ்மிக் கதிர் ஆய்வில் முதன்மைத் துணையானார்.

தகடு சொல்லும் கதை

அவர்கள் கையாண்ட கருவி மிக எளியது: ஒளிப்படத் தகடு. கண்ணாடியின் மேல் பூசிய பசையில் வெள்ளி புரோமைடின் நுண்ணிய மணிகள் இருக்கும். மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று அதன் ஊடே பாய்ந்தால் வழியில் உள்ள மணிகள் மாறுதல் அடைகின்றன. தகட்டைக் கழுவியதும் அவை கரும்புள்ளிகளாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால், கோலத்திற்கு வைத்த புள்ளி வரிசை போலத் துகளின் பாதை புலப்படும்.

புள்ளிகளிலிருந்து நிறையை எப்படிக் கணக்கிடுவது? அந்தப் பாதை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது.

முதலாவது, புள்ளிகளின் நெருக்கம். மெதுவாகச் செல்லும் துகள் நெருக்கமான புள்ளிகளை விட்டுச் செல்லும்; விரைவாகச் செல்லும் துகள் இடைவெளி விட்டுச் செல்லும். எனவே நெருக்கத்தைக் கொண்டு வேகத்தை அறியலாம்.

இரண்டாவது, பாதையின் நெளிவு. கூழாங்கல் பரப்பிய தரையில் ஓர் இரும்புக் குண்டையும் ஒரு பிளாஸ்டிக் பந்தையும் ஒரே வேகத்தில் உருட்டிப் பாருங்கள். பந்து அங்குமிங்கும் திரும்பும். குண்டு ஏறத்தாழ நேராகப் போகும். அதுபோலவே, இலேசான துகளைத் தகட்டில் உள்ள அணுக்கருக்கள் அதிகமாகத் திருப்பிவிடும். வேகமும் நெளிவும் தெரிந்தால் நிறையைக் கணக்கிட்டுவிடலாம்.

மலை உச்சிகளில் இத்துகள்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள டார்ஜீலிங்கிலும், சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பூவிலும் தகடுகளை வைத்தார்கள். அவை மாதக் கணக்கில் அங்கே கிடந்தன. பிறகு அவற்றைக் கழுவி, ஒவ்வொரு தடத்தையும் நுண்ணோக்கியில் அளந்தார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. எலெக்ட்ரானைப் போல ஏறக்குறைய 200 மடங்கு நிறையுள்ள துகள் ஒன்று உண்டு என்று அளவீடுகள் காட்டின. இம்முடிவுகள் 1940 முதல் 1942 வரை இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. மியூவானின் நிறை 207 மடங்கு என்பது இன்றைய கணக்கு.

கை நழுவியது எப்படி?

இரண்டாம் உலகப்போர் நடந்த காலம் அது. இன்னும் துல்லியமாக அளக்கவேண்டுமானால் கூடுதல் உணர்திறன் கொண்ட தகடுகள் தேவை. போர்க்காலத் தட்டுப்பாட்டில் அவை இந்தியாவிற்குக் கிடைக்கவில்லை. போர் முடிந்தபின், வெள்ளி புரோமைடு செறிந்த புதிய தகடுகள் இங்கிலாந்தில் உருவாயின. அவற்றைக் கொண்டு பிரிஸ்டல் நகரில் செசில் பவல் குழுவினர் 1947-இல் பையான் என்ற துகளைக் கண்டனர். அதன் நிறை 273 மடங்கு. அது சிதைந்தே மியூவான் பிறக்கிறது. 1950-இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிபாவின் பரிசை வேறொருவர் பறித்துக்கொண்டார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகை. பையானையும் மியூவானையும் பிரித்துக் காட்டும் திறன் கல்கத்தாத் தகடுகளுக்கு இருக்கவில்லை. ஆனால் மெசான்களின் நிறையைத் தகட்டில் அளக்கும் வழியில் போஸும் சௌத்ரியும் முன்னோடிகள். பவலே தம் நூலில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிபா அத்துடன் நின்றுவிடவில்லை. 1945-இல் மான்செஸ்டர் சென்று பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1949-இல் பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கு பணியாற்றிய முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவரே. பின்னர் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1991-இல் மறைந்தார். நாட்டின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

2018-இல்தான் அவருடைய வரலாறு நூலாக வந்தது. 2019-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் சிம்மக் கூட்டத்திற்குத் தெற்கே உள்ள ஒரு விண்மீனுக்கு ‘பிபா’ என்று பெயர் சூட்டியது. அது சுமார் 340 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

பிபாவின் கட்டுரைகள் தொலைந்துபோகவில்லை. ‘நேச்சர்’ தொகுதிகளில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருந்தன. எடுத்துப் பார்த்துச் சொல்ல ஆள்தான் இல்லை. அவரைப் போல இன்னும் பலர் உண்டு. கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த ஜானகி அம்மாள், வானிலைக் கருவிகளை அமைத்த அன்னா மாணி ஆகியோரைப் பற்றித் தேடிப் பாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே படித்தார், எதை அளந்தார், எந்த ஆண்டு வெளியிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்தியையும் இரண்டு இடங்களிலாவது சரிபாருங்கள். பள்ளியில் கணினி இருந்தால் ஒரு வலைத்தளமாகவும், இல்லாவிட்டால் கையெழுத்துப் பத்திரிகையாகவும் அதை வெளியிடலாம். புகழுரைக்கு அதில் வேலை இல்லை. அவர் செய்த சோதனையைப் படிப்பவருக்கு விளங்கும்படி எழுதிவிட்டால் போதும். அவர் பெயர் தானே மனத்தில் நிற்கும்.