ஊசிக்குச் சில நூறு... பஸ்ஸுக்குப் பல நூறு!

வெளிநாடு கிளம்பும்முன் ஆகும் மருத்துவச் செலவு யார் தலையில் விழுகிறது?

தரங்கம்பாடிக் கோட்டை மதிலில் நின்று கடலைப் பார்த்தால், கப்பலில் வந்தவர்களின் கதைகள்தான் ஞாபகத்துக்கு வரும். 1706-ல் இங்கே கரையிறங்கிய சீகன்பால்குவுக்கு ஆயுள் 36 வயதோடு முடிந்துபோனது. பிறகு 1730-களில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து மருத்துவர்களையே இங்கு அனுப்பத் தொடங்கினார்கள். இன்று பயணம் எதிர்த்திசையில். தரங்கம்பாடி, பொறையார், ஆக்கூர் பக்கமிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத தெரு குறைவு. விசா, டிக்கெட், ஏஜென்ட் கமிஷன் என்று கணக்குப் போடும் வீடுகளில், 'மெடிக்கல்' என்ற ஒரு வரி மட்டும் கடைசியில்தான் எழுதப்படுகிறது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். கென்யா, உகாண்டா, நைஜீரியா, பிரேசில் போன்ற நாடுகளுக்கு வேலைக்கோ, கப்பலிலோ, சுற்றுலாவோ போகிறவர்களுக்கு இது அவசியம். தமிழகத்தில் இதற்கு அரசு அங்கீகரித்த மையங்கள் மூன்றுதான் என்று 2024-ல் பொது சுகாதாரத் துறை அறிவித்தது. கிண்டி கிங் நிலையம், சென்னை துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். வேறு தனியார் இடத்தில் போட்டுக்கொண்டு வாங்கும் சான்றிதழ் செல்லாது. அரசு மையத்தில் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனால், தரங்கம்பாடியிலிருந்து சென்னை சுமார் 280 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, கிண்டிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பஸ் காசு, சாப்பாடு, அன்றைய கூலி எல்லாம் சேர்த்தால் ஊசியின் விலை பல மடங்காகிவிடும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த மருந்து ஒரே குப்பியில் பல பேருக்கானது. திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கே போடுகிறார்கள். விசாரிக்காமல் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால், டிக்கெட் எடுத்தபின் ஓடுவதில் பயனில்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆறுதலான விஷயம், 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். பழைய அட்டையை வைத்திருப்பவர்கள் இன்னொரு ஊசிக்கு அலைய வேண்டாம். அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால், 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம்.

வளைகுடா வேலைக்கு நடக்கும் மெடிக்கலில்தான் பணம் அதிகம் கரைகிறது. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி இருந்தால் 'அன்ஃபிட்'. எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் அதே முத்திரை விழலாம். கட்டிய பணம் திரும்பாது. அதற்குள் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்கு முன்பணமும் கொடுத்திருப்பார்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய் கொடுக்கும் முன்பே, மயிலாடுதுறை அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு எக்ஸ்ரேயும் ஹெபடைடிஸ் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிடலாம். கடன் வாங்கியபின் தெரிவதைவிட, வாங்கும் முன் தெரிவது எவ்வளவோ மேல்.

சரி, இந்தச் செலவை யார் ஏற்க வேண்டும்? மருத்துவப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் ஆகும் பணம் ஆள்சேர்ப்புச் செலவுதான், அதைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பு. 2019-ல் அது வெளியிட்ட வரையறையில் இது தெளிவாகவே இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் தொழிலாளிதான் கட்டுகிறார். கப்பல் பணியாளர்களின் விதி வேறு. அவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட் செலவுகளை அவர்களே ஏற்கலாம். விசா செலவு கப்பல் முதலாளியுடையது. எந்த வேலையானாலும் ரசீதைத் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பித் தருவார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பதில் தப்பில்லை.

ஹஜ் கமிட்டி மூலம் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை அரசு முகாமிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். உம்ராவுக்குப் போகிறவர்கள் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இதைத் தருவதில்லை.

பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோருக்கு ஒரு சங்கதி. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல, எம்எம்ஆர் ஊசி இரண்டு டோஸ் போட்ட சான்று கேட்கின்றன. நம் அரசுத் திட்டத்தில் 2017 முதல் இருப்பது எம்ஆர். பொன்னுக்குவீங்கிக்கான மருந்து அதில் இல்லை. அதற்கு முன் பிறந்த பலருக்கு தட்டம்மை ஊசி மட்டும்தான். எனவே இங்கேயே தனியாரிடம் போட்டுக்கொண்டால் சில நூறு ரூபாயில் முடியும். அங்கே போய்ப் போட்டால் டாலரில் கொடுக்க வேண்டும். இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது 28 நாட்கள் இடைவெளி தேவை. சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுவிட்டால் நிதானமாகக் கிளம்பலாம். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டையைப் பரணிலிருந்து தேடி எடுத்து, மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சான்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.