துளிக்குப் பயம், பாட்டிலுக்கு அலட்சியம்

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘ஐஎன்எஸ் 100, ஐஎன்எஸ் 300, ஐஎன்எஸ் 330’ என்று எண்கள் தெரியும். பார்த்ததும் பலருக்குத் திக்கென்கிறது. பெயரைச் சொல்லாமல் எண் போடுகிறார்களே, உள்ளே என்ன விஷமோ என்று தோன்றுகிறது. 100 என்பது மஞ்சளில் உள்ள குர்குமின் நிறமி. 300 என்பது நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் வைட்டமின் சி. 330 என்பது எலுமிச்சைக்குப் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலம். எந்த நாட்டில் என்ன பெயரில் விற்றாலும் பொருளை அடையாளம் காண்பதற்காக வைத்த எண்கள் இவை.

அதே வீட்டின் குளியலறை அலமாரியில் ஆசிட் பாட்டிலும் ப்ளீச்சிங் பவுடரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாடித்தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தின் மிச்சம் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை.

ரசாயனங்கள் மீது நமக்குப் பயம் இருப்பதில் தவறில்லை. அந்தப் பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் விழுகிறது. உணவில் துளியிலும் துளியாக இருப்பதற்கு நடுங்குகிறோம். கையில் முழு வீரியத்தோடு இருப்பதை மறந்துவிடுகிறோம். எந்தப் பொருளானாலும் மூன்று கேள்விகள் கேட்டால் பயத்தை அதற்குரிய இடத்தில் வைக்கலாம்: எவ்வளவு? எந்த வழியாக உடம்புக்குள் போகிறது? எத்தனை நாளாக?

எவ்வளவு என்பதே முதல் கேள்வி

உணவில் ஒரு பொருள் இவ்வளவு இருக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? விலங்குகளுக்குப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்து, எந்தக் கெடுதலும் தெரியாத உச்ச அளவைக் கண்டுபிடிப்பார்கள். பொதுவாக அதை 100ஆல் வகுப்பார்கள். மனித உடம்பு விலங்கைவிட எளிதில் பாதிக்கப்படலாம் என்பதற்கு ஒரு 10. மனிதர்களுக்குள்ளேயே குழந்தை, முதியவர், நோயாளி என்று வேறுபாடு இருப்பதற்கு இன்னொரு 10. இப்படிக் கிடைப்பது, வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்று கருதப்படும் அளவு. ஒருநாள் அது கொஞ்சம் கூடிப்போனால் உடனே ஆபத்து வந்துவிடாது. ஆனால் விற்பவர் அந்தக் கணக்கை மீற அது சாக்காகாது.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கெட்ட பெயர் வாங்கிய பொருள் அஜினோமோட்டோ. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்ற இந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்திலிருந்து சந்தேகம் உலகெங்கும் பரவியது. எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட வைத்து நடத்திய சோதனைகளில், வழக்கமான உணவில் சேரும் அளவுக்கு அந்த அறிகுறிகள் சீராக வரவில்லை. சாலையோர ஃபிரைடு ரைஸில் கவலைப்பட வேண்டியது அதிலுள்ள மொத்த உப்பைத்தான்.

பயப்பட வேண்டியவையும் உண்டு

எல்லாம் வதந்தி என்று ஒதுக்கவும் முடியாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. பரிசோதனையில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததே காரணம். துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் சாயம் அது. உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி இல்லை. கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் தெருவில் விற்கும் தின்பண்டம் எதுவானாலும் குழந்தைக்கு வாங்கித் தராமல் இருப்பதே நல்லது.

‘கல் வைத்துப் பழுக்க வைத்த’ மாம்பழமும் அப்படித்தான். அந்தக் கல் கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயுவை வெளிவிடும், அது காயைப் பழுக்க வைக்கும். சந்தையில் கிடைக்கும் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் இந்தியாவில் பழத்துக்கு அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயு வேறு. பழுக்கும்போது காய் தானே உண்டாக்கும் ஹார்மோன் அது. அடைத்த அறையில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை எத்திலீன் விட்டுப் பழுக்க வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மாங்காயை வைக்கோலில் மூடி வைக்கும் பழைய வழக்கமும் காயிலிருந்து வரும் எத்திலீன் வெளியேறாமல் பிடித்து வைக்கும் உத்திதான். செயற்கையாகப் பழுக்க வைத்ததா என்று கேட்பதை விட, எதைக் கொண்டு பழுக்க வைத்தார்கள் என்று கேட்பதே சரி. சீசன் தொடங்கும் முன்பே, மேலெல்லாம் ஒரே மஞ்சளாகவும் உள்ளே காயாகவும் இருக்கும் பழத்தைத் தவிர்க்கலாம்.

காய்கறியைக் கழுவினால் பூச்சிமருந்து போகுமா?

பாதி போகும், பாதி போகாது. தோலின் மேல் தங்கும் மருந்துகள் ஒரு வகை. வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் இன்னொரு வகை. முதல் வகையைக் கழுவலாம். உள்ளே போனதை எதைக் கொண்டும் கழுவ முடியாது.

2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆப்பிளில் இதைச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்து 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, மேலே பூசிய ஒரு மருந்தில் 80 விழுக்காடும் மற்றொன்றில் 96 விழுக்காடும் நீங்கின. தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது அப்படியே இருந்தது.

வீட்டில் ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே முதல் வேலை. முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடலாம், தோல் சீவக் கூடியதைச் சீவலாம். பாத்திரம் கழுவும் சோப்பைக் காய்கறியில் போடக் கூடாது, அது காய்க்குள்ளேயே தங்கிவிடும். ஒரே காயைத் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றிச் சமைப்பதும் பாதுகாப்புதான். ஒரே மருந்து தொடர்ந்து உடம்பில் சேரும் வாய்ப்பு அதனால் குறையும். மருந்துக்குப் பயந்து காய்கறியைக் குறைப்பதுதான் பெரிய நட்டம்.

இயற்கை என்றாலே பாதுகாப்பா?

மாடித்தோட்டக்காரர்களின் நம்பிக்கை வேப்பெண்ணெய். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் அது நல்ல மருந்து. ஆனால் அதே எண்ணெயைக் கைக்குழந்தைக்கு ‘உள்ளுக்கு’ப் புகட்டியதால் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, உயிரிழப்பும் நேர்ந்ததை 1981இல் மலேசிய மருத்துவர்கள் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். புகையிலைக் கஷாயமும் இயற்கையானதுதான். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும் கொடிய நஞ்சு. செடியிலிருந்து வந்தது என்பதற்காகக் கையுறையைக் கழற்றிவிடக் கூடாது.

கடையில் மருந்து வாங்கினால் லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மாடியில் வேலை இல்லை. எந்த நிறமானாலும், தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று லேபிளில் எழுதியிருப்பதைக் கடைப்பிடிக்க வேண்டும். ‘இன்னும் ஒரு மூடி சேர்த்து ஊற்றினால் நன்றாகக் கேட்கும்’ என்ற கணக்கு உதவாது.

முக்கியமாக, மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றவே கூடாது, மருந்து இருந்த பாத்திரத்தை வேறு எதற்கும் எடுக்கவும் கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. காய்கறிப் பயிர்களுக்கு 2005லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது.

வீட்டுக்குள் இருக்கும் மூன்று

முதலாவது, கலவை. கழிவறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆயுதமாக விடப்பட்ட வாயு அது. கதவு சாத்திய சின்னக் குளியலறையில் நுரையீரலைப் புண்ணாக்க அது போதும். ஒருநாளைக்கு ஒன்றைத்தான் போட வேண்டும், அதுவும் சன்னலைத் திறந்து வைத்து.

இரண்டாவது, கொசுவர்த்திச் சுருள். பலரும் அதிலுள்ள மருந்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அதைவிடக் கவலைக்குரியது புகை. ஒரு சுருள் எரிந்து முடிப்பதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டினால் மருந்தும் இல்லை, புகையும் இல்லை.

மூன்றாவது, அந்துருண்டை. நாப்தலீனால் ஆன உருண்டைகள், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வாயில் போட்டால்தான் என்றில்லை. அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியைச் சுற்றினாலே பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை வரலாம்.

விழுங்கிவிட்டால்

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் என்றால் ஏறும்போது தொண்டையை மறுபடி சுடும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போகும். கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். லேபிளில் உள்ள பெயர் தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான மாற்று மருந்தை உடனே தொடங்க முடியும். லேபிள் கிழிந்த பாட்டிலையும் பெயரில்லாத பாட்டிலையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.