கோவ் துறைமுகத்தில் ஒரு நாள்

நிலப்படத்தை விரித்து நோக்குவார்க்கு, அயர்லாந்து நாட்டின் தென்கரையிலுள்ள கோவ் என்னும் ஊர் ஒரு சிறு புள்ளியாகவே தோன்றும். யாமும் முதற்கண் அதனை அரை நாளிற் சுற்றி முடிக்கத்தக்க ஊரென்றே எண்ணினோம். அதன் வரலாற்றைக் கற்கக் கற்க அக்கருத்து மாறிற்று. அங்குச் செல்லும் விருந்தினர் எவ்வழியே சென்று எவற்றைக் காணல் வேண்டும் என்பதை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கோவ் ஒரு தீவின்மேல் அமைந்தது. அத்தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் சாலைப் பாலம் ஒன்றே. கார்க் மாநகரிலிருந்து இரயில் வண்டியிற் செல்வதே எளிது. பயணம் அரை மணி நேரத்துக்குள் முடியும். செல்லுங்கால் வலப்புறத்துச் சாளரத்தை ஒட்டி அமர்தல் நன்று; நீர்ப்பரப்பின் காட்சி பெரும்பாலும் அப்பக்கமே விரியும். மோட்டார் வண்டியிற் செல்வார், கிளென்புரூக் என்னுமிடத்தில் வண்டியோடு படகிலேறிச் சில நிமிடங்களில் மறுகரை சேர்தலும் கூடும்.

ஊருக்குள் வழி வினவ வேண்டுவதில்லை. நகர் செங்குத்தான குன்றின் சரிவிலே படிப்படியாக அமைந்திருத்தலின், கடல் எப்போதும் கீழே. பேராலயக் கோபுரம் எப்போதும் மேலே. இவ்விரண்டையும் குறியாகக் கொண்டு நடப்பார் வழி தவறார். ஆயினும் ஏற்றம் கடிது. மழையும் அடிக்கடி பெய்வது. வழுக்காத காலணியும் மழையங்கியும் இன்றியமையாதன.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1849-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் வருகையை முன்னிட்டு இவ்வூர் குவீன்ஸ்டவுன் எனப்பட்டது. அயர்லாந்தின் விடுதலைப் போர்க் காலத்தில், பழம்பெயரே ஐரிஷ் மொழியின் எழுத்துமுறையில் மீண்டது. ஆதலின் பழைய கப்பற் குறிப்புகளிற் குவீன்ஸ்டவுன் எனக் காண்பார் மயங்கற்க.

இரயில் நிலையத்தில் இறங்கியவுடனே காணத்தக்கது அருங்காட்சியகம். பழைய நிலையக் கட்டடத்திலேயே அஃது அமைந்துள்ளது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்ற, கொடும்பஞ்சம் எழுந்தது. 1848 முதல் 1950 வரை அந்நாட்டை விட்டகன்றோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் எனவும், அவருள் 25 இலட்சம் பேர் இத்துறையிலேயே கப்பலேறினர் எனவும் கூறுவர். வெளியே கரையோரத்தில், தம்பியர் இருவரோடு நிற்கும் ஓர் இளம்பெண்ணின் சிலை உண்டு. அவள் ஆனி மூர். 1891 டிசம்பரில் இங்கிருந்து புறப்பட்டு, 1892 ஜனவரி முதல் நாளில் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிபுகு நிலையத்தில் முதன்முதலாகப் பதிவு பெற்றவள். அவள் எம்மினும் இளையவள் என்பதை அறிந்தபோது யாம் சிறிது நேரம் மேலே படிக்கவியலாது இருந்தோம்.

அங்கிருந்து கடலோர வீதி வழியே கிழக்கே நடந்தால் கேஸ்மென்ட் சதுக்கம் வரும். 1915 மே 7-ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்ட லூசிதேனியா கப்பலில் மாண்டோர்க்கு எடுத்த நினைவுச் சின்னம் அங்குள்ளது. அவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஊருக்கு வடக்கேயுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அருகே டைட்டானிக் கப்பலுக்குரிய கம்பெனியின் பழைய அலுவலகமும், அதன் பின்னே மரத்துறையின் சிதைவும் உள. 1912 ஏப்ரல் 11-இல் 123 பயணிகள் இவ்வூரிற் சிறுகலங்களிலேறி, துறைமுக வாயிலுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அப்பெருங்கப்பலை அடைந்தனர்.

இனி மேலேறுக. புனித கோல்மன் பேராலயத்தின் திருப்பணி 1868-இல் தொடங்கி 1919-இல் முற்றிற்று. அதன் கோபுரத்தில் 49 மணிகள் இசைக்கோவையாக அமைந்துள. பக்கத்தே சரிவில் நிரையாக இறங்கும் வண்ண வீடுகளை மக்கள் 'சீட்டுக்கட்டு' என்பர். கீழ்வீடு விழுந்தால் மேல்வீடுகளெல்லாம் அதன்மேல் விழுமென்பது அவர்தம் நகைமொழி. நேரம் எஞ்சுமாயின் படகேறி ஸ்பைக் தீவையும் காணலாம். கோட்டையாகவும் சிறையாகவும் இருந்த அத்தீவு 1938-இல் ஆங்கிலேயரிடமிருந்து அயர்லாந்தின் கைக்கு வந்தது.

மாலையில் மீண்டும் அதே நிலையத்துக்கு வருவோம். நாம் ஊர் சுற்றுவதெல்லாம், வீடு திரும்ப வண்டி உண்டு என்னும் துணிவினாலன்றோ? நூற்றாண்டாக இந்நிலையத்தில் இறங்கியோர் பலர்க்கு அத்துணிவு இல்லை. திரும்புங்காலம் வருமென்று அறியாமலே அவர் கடலை நோக்கி நடந்தனர். நிலையத்துக்கும் கரைக்கும் இடையேயுள்ள அச்சிறு தொலைவை, விருந்தினராகச் செல்வார் விரையாது நடந்து கடப்பாராக.