பல் கடையும் இயந்திரம்: நகையை அடகு வைக்குமுன்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த ஒரு தாய் அண்மையில் எம்மிடம் வந்தார். அவருடைய மகன் பல் தொழில்நுட்பம் பயின்று கொழும்பில் வேலை செய்தவர். ஊரோடு வந்து சொந்தமாக ஆய்வுகூடம் தொடங்க விரும்புகிறார். செயற்கைப் பல் கடையும் இயந்திரம் ஒன்றின் விலைப்பத்திரத்தையும் கொண்டு வந்திருந்தார்கள். "காணி எப்ப கிடைக்குமோ தெரியாது. இருக்கிற நகையை இதிலை போடலாமோ?" என்று தாய் கேட்டார். வேறு குடும்பங்களுக்கும் இக்கேள்வி வரலாம் என்பதால் நாம் விசாரித்து அறிந்தவற்றை எழுதுகிறோம்.

முன்னர் பல்லின் உறையை மெழுகில் செய்து உலோகத்தில் வார்த்தார்கள். இப்போது பல்லின் அச்சை ஸ்கானரில் படம்பிடித்து, கணினியில் வடிவமைத்து, வட்டமான கட்டியிலிருந்து இயந்திரம் கடைந்தெடுக்கிறது. பிரான்சில் பிரான்சுவா துரே என்பவர் 1970களில் தொடங்கிய முயற்சி இது.

இன்று பெரிதும் பாவிக்கப்படுவது சிர்க்கோனியா. கடையும்போது அது சோக்கட்டி போல மென்மையானது. பின்னர் ஏறக்குறைய 1500 பாகை செல்சியசில் பல மணிநேரம் சுட்டால்தான் இறுகும். சுடும்போது ஐந்திலொரு பங்கு சுருங்கும். ஆகவே முதலிலேயே பெரிதாகக் கடைய வேண்டும். சட்டி பானை சூளையில் சுருங்குவதை அறிந்தவர்களுக்கு இது புதுமையல்ல. ஆனால் அந்த விலைப்பத்திரத்தில் உலை இல்லை! ஸ்கானர், மென்பொருள், கொம்பிரஷர், தூசி உறிஞ்சி எதுவுமே இல்லை. நெல் ஆலைக்கு மோட்டர் மட்டும் வாங்கியது போலத்தான்.

சிர்க்கோனியாவை உலர்வாகக் கடையலாம். கண்ணாடி போன்ற பீங்கான் வகைக்கு நீர் பாய வேண்டும். இரண்டையும் செய்யும் இயந்திரத்துக்கு விலையும் துப்புரவு வேலையும் அதிகம். தனிப் பல்லுக்கும் சிறிய பாலத்துக்கும் நான்கு அச்சு போதும். சரிவாகப் பதித்த உள்வைப்புகளுக்கே ஐந்து அச்சு தேவைப்படும். எங்கள் பக்கத்துப் பல் வைத்தியர்கள் எதை அதிகம் கேட்கிறார்கள் என்று மகன் இன்னும் விசாரிக்கவில்லை. அதை அறியாமல் அச்சை எண்ணுவதில் பயனில்லை.

மின்சாரம் வேறு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கவில்லை. கடையும் இயந்திரத்தைச் சிறிய யூ.பி.எஸ். சிறிது நேரம் தாங்கும், உலையைத் தாங்காது. நடுவில் மின் நின்றால் உள்ளே இருக்கும் பற்கள் பழுதாகலாம். மின்பிறப்பாக்கியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எமது ஈரக்காற்றில் கொம்பிரஷரில் நீர் சேரும், வடிகட்டி அவசியம்.

விற்பவரிடம் இரண்டைக் கேட்கச் சொன்னோம். எந்தக் கம்பனியின் கட்டியும் இதில் போடலாமா, அல்லது அவர்களுடையது மட்டுந்தானா? பழுதானால் திருத்துபவர் எங்கிருந்து, எத்தனை நாளில் வருவார்? கடையும் ஊசிகள் தேய்ந்துகொண்டே இருக்கும், அவற்றின் விலையையும் எழுதி வாங்க வேண்டும்.

மகன் இப்போதைக்கு ஸ்கானரும் கணினியும் மட்டும் வாங்குகிறார். வடிவத்தைக் கொழும்பிலுள்ள ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். கடைந்து சுட்ட பல் பேருந்தில் வந்து சேரும். மெருகிடுவதும் நிறம் பொருத்துவதும் அவர் கைவேலை. மாதம் எத்தனை பல் வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியோடும் பழைய விலைப்பத்திரத்தோடும் மீண்டும் உட்காருவதாகப் பேச்சு.